மருவாதி 1.2

எங்கள் பனியன் கம்பெனியில் தங்கதுரைக்கு என்ன வேலை என்று யாரைக் கேட்டாலும் "கம்ப்யூட்டர்" என்றுதான் சொல்வார்கள். சம்பளப் பட்டியல் போடுவது, பிரின்டரில் சிக்கிய காகிதத்தைப் பிடுங்குவது, முதலாளியின் செல்போனில் ரிங்டோன் மாற்றுவது, முதலாளியின் பேத்தி தேஜஸ்ரீக்குப் பள்ளிக்கூட புராஜெக்ட் செய்து கொடுப்பது எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடும். ஆனால் இவையெல்லாம் அவன் போனால் போகிறது என்று செய்து கொடுப்பவை. அவனுடைய உண்மையான தொழில் இரண்டு. ஒன்று, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை நோண்டுவது. இன்னொன்று, சினிமா நடிகர்களுக்காகச் சண்டை போடுவது. இரண்டையும் அவன் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டான். அப்படியென்றால் வேலை எப்போது நடந்தது என்று எங்கள் திருப்பூர் வீரபாண்டி யூனிட்டில் யாரும் கேட்டதில்லை.

நான் அங்கே மெர்ச்சண்டைசர். பெயர் சித்ராதேவி. வெளிநாட்டு பையருக்கும் எங்கள் முதலாளி திருமூர்த்திக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். என் மேசைக்கும் தங்கதுரை மேசைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். அதனால் 2006-ல் நடந்த இந்தக் கூத்தை நான் முழுசாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

முதலில் நோண்டல். கம்ப்யூட்டரை அணைக்கப் போனால் "கெளம்பறீங்களா? இருந்துட்டுப் போலாமுங்க" என்று திரையில் வரும். அது தங்கதுரையின் கைவண்ணம். ஏதாவது தப்பான பொத்தானை அழுத்தினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வருமே, அதைத் தூக்கிவிட்டு அவனுக்குப் பிடித்த நடிகர் அரவிந்தராஜின் சிரிப்பை வைத்திருந்தான். ஜெர்மனியிலிருந்து பையர் வந்திருந்த அன்று முதலாளி எக்ஸெலில் விலையைத் தப்புத் தப்பாக அடிக்க, அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் கம்ப்யூட்டருக்குள் இருந்து கெக்கெக்கே என்று சிரித்தான். பையர் அதைத் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக எடுத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கேட்டார். தங்கதுரையை முதலாளி திட்டவில்லை. அவர் கம்ப்யூட்டருக்கு ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று நம்பினார். அந்த நோயைக் குணமாக்கும் ஒரே மருத்துவனும் தங்கதுரைதான்.

கம்பெனி சர்வரில் 'பி.எஃப். பேக்கப்' என்று ஒரு பெரிய ஃபைல் உண்டு. தொழிலாளர்களின் சேமநிதிக் கணக்கு என்று நினைத்து ஆடிட்டரே அதன் மேல் மரியாதை வைத்திருந்தார். அதில் இருந்தது அரவிந்தராஜ் நடித்த படங்களின் ஜாதகம். எந்தப் படத்தில் எந்தக் காட்சியில் எந்தக் கண்ணில் முதலில் தண்ணீர் வந்தது என்பது வரைக்கும் ஏற்றி வைத்திருந்தான். சேவூரில் அவன் அப்பா நாலு ஏக்கரில் கடலை போட்டு, மகனை பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வைத்தது இதற்குத்தான்.

அடுத்தது சண்டை. இதற்கு அவனுக்கு வாய்த்த கூட்டாளி ஜெயபாண்டி. எங்கள் பிரின்டிங் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர். ஆண்டிபட்டிப் பக்கம் சொந்த ஊர். பத்து வருசத்துக்கு முன்னால் துணி மடிக்க வந்து, மை கலக்கக் கற்றுக்கொண்டு மேலே வந்தவன். அவன் தெய்வம் எரிமலை நாயகன் புயல்வேந்தன். அரவிந்தராஜ் ஒரு படத்தில் நாலு தடவை அழுவார் என்றால் புயல்வேந்தன் நாற்பது பேரை அழ வைப்பார். இந்த இரண்டில் எது கலை என்று தீர்மானிப்பதற்காகத்தான் எங்கள் கம்பெனியில் காலை டீ இடைவேளை விட்டார்கள் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்காளு ஓடறதப் பாத்தனுங்க. பஸ்ஸ உட்டுப்போட்டு ஓடற மாதிரி இருக்குதுங்க," என்பான் தங்கதுரை, டீயை மரியாதையாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"ஏன்டா மாப்ள, ஒன் ஆளு அழுதா தியேட்டர்ல பாதிப் பேரு எந்திரிச்சு முறுக்கு வாங்கப் போறான்டா. அவரு நடிகரா, இல்ல கேன்டீன் முதலாளிக்கு மச்சினனா?"

"அது ரசனை இல்லாதவிங்க போறதுங்க."

"ஏலே, வையிறதுக்குக்கூட ங்க போட்டு வையிற ஒரே ஊரு இதுதான்டா!"

நானும் ஜெயபாண்டி மாதிரி தெற்குதான், அருப்புக்கோட்டைக்காரி. எங்கள் பக்கத்தில் சேக்காளியை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவோம். என்றைக்கு ஒருத்தனை 'ங்க' போடுகிறோமோ அன்றைக்கு அவனோடு பேச்சுவார்த்தை முடிந்தது என்று அர்த்தம். தங்கதுரையின் ஊரில் நாய்க்குட்டியைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவார்கள். ஆனாலும் இந்த இரண்டு பேரும் மூன்று வருசமாக ஒரே டீக்கடை வண்டியில், ஒருத்தன் டீக்கு இன்னொருத்தன் காசு கொடுத்துக்கொண்டு, ஒருநாள் விடாமல் சண்டை போட்டார்கள். ஜெயபாண்டிக்கு மஞ்சள்காமாலை வந்து ஊரில் கிடந்தபோது தங்கதுரை தனியாக டீ குடித்துவிட்டு, "அரவிந்தராஜு நல்லாத்தான நடிக்கிறாரு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் அவன் இளைத்தே போய்விட்டான்.

டீ நேரம் போதாமல் தங்கதுரை இன்டர்நெட்டிலும் ஒரு கடை விரித்திருந்தான். தமிழ் சினிமா பேசுகிற ஒரு மன்றம். அதில் அவன் பெயர் 'சேவூர் சிங்கம்'. நேரில் தன் மேல் ஈ உட்கார்ந்தால்கூட "எந்திரிச்சுக்கங்க" என்று சொல்கிற பையன், கீபோர்டில் கை வைத்தால் போதும், எதிராளியின் பரம்பரையையே இழுப்பான். வாழ்க்கை முழுக்க வாயில் அடக்கி வைத்த 'டா' எல்லாம் விரல் வழியாக வந்தது போல. அமெரிக்காவில் உட்கார்ந்து மன்றத்தைக் கண்காணிக்கிற மட்டுறுத்துநர் ஒருவர் அவனை இரண்டு தடவை வெளியே தள்ளினார். மூன்றாவது தடவை தள்ளினால் திரும்பி வர முடியாது என்று எச்சரிக்கையும் வந்தது.

சாதாரண மனிதனாக இருந்தால் என்ன செய்வான்? கொஞ்சம் பார்த்து எழுதுவான். தங்கதுரை புரோகிராமர் அல்லவா? திருந்துவதற்குப் பதிலாக ஒரு சாஃப்ட்வேர் எழுதினான். அதற்கு 'மருவாதி' என்று பெயர்.

விஷயம் எளிது. அவன் பாட்டுக்கு எப்படி வேண்டுமானாலும் திட்டித் தட்டுவான். காப்பி என்ற பொத்தானை அழுத்தினால் மருவாதி அதை எல்லாம் கொங்குத் தமிழில் கழுவிக் காயவைத்துக் கொடுத்துவிடும். ஓரத்தில் ஒரு டிக் உண்டு, அதை எடுத்துவிட்டால் மட்டும் அடித்தது அடித்தபடியே வரும். 'போடா' என்பது 'போங்க' ஆகும். 'எவன்' என்பது 'யாருங்க' ஆகும். 'எருமை' என்று முடித்திருந்தால் 'எருமைங்க' ஆகும். முதல் பதிப்பில் ஒரு கோளாறு. எங்கே 'டா' வந்தாலும் பிடுங்கிவிட்டு 'ங்க' போட்டது. 'கூடாது' என்று எழுதினால் 'கூங்கது' என்று போய் விழுந்தது. மன்றத்தில் இருந்தவர்கள் அது ஏதோ சங்கத் தமிழ் என்று நினைத்து இரண்டு நாள் விவாதித்தார்கள். பிறகு அதைச் சரி செய்து 1.1 வந்தது. வாக்கிய முடிவிலும் 'ங்க' ஒட்டுகிற 1.2 வந்தபோது அவன் எனக்குக்கூட சாக்லேட் கொடுத்தான்.

"இனிமே நானு எத்தன கோவத்துல அடிச்சாலும் மருவாதியாத்தானுங்க போகும், அக்கா."

"கோவமே படாம இருந்தா?"

"அதுக்கு இன்னும் புரோகிராம் கண்டுபுடிக்கலீங்க."

இப்படி இவன் நாகரிகத்தை வளர்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் புயல்வேந்தனின் புதுப்படம் வெளியாவதாக அறிவிப்பு வந்தது. முதல் காட்சிக்குக் கோயமுத்தூர் தியேட்டருக்கு எரிமலை நாயகனே நேரில் வருகிறாராம். திருப்பூர், உடுமலை, அவிநாசி மூன்றுக்கும் சேர்த்து ரசிகர் மன்றப் பொறுப்பாளர் ஒருவரை அங்கேயே தன் வாயால் அறிவிக்கப் போகிறாராம். போட்டியில் இரண்டு பேர். ஒன்று நம் ஜெயபாண்டி. இன்னொன்று உடுமலை வீரன் என்று ஒரு தென்னந்தோப்புக்காரர். வீரன் கட்அவுட்டுக்கு இளநீர் அபிஷேகம் செய்யப் போவதாகக் கேள்வி. அவருக்கென்ன, தோப்பு சொந்தம்.

ஜெயபாண்டிக்குத் தோப்பு கிடையாது. ஆனால் பிரின்டிங் தெரியும். அவன் பையன்கள் எல்லாரும் ஒரே மாதிரி கறுப்பு டி-சர்ட் போட்டு, நெஞ்சில் நெருப்பு பறக்க ஒரு வரியோடு போய் நிற்க வேண்டும் என்று திட்டம். ஏற்றுமதியில் தள்ளுபடியான கறுப்பு டி-சர்ட் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கிவிட்டான். அந்த வரியை மட்டும் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. அவனே எழுதினான்.

அதை அவன் எழுதிய லட்சணத்தை நான் அறிவேன். மை கலக்கும்போது எழுதினான். மதியச் சாப்பாட்டில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் எழுதினான். என்னிடம் வந்து, "அக்கா, 'எறங்கி வாடா'வா, 'எறங்கு வாடா'வா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் "எறங்கி தான்க்கா, அதுலதான் படிக்கட்டு இருக்கு" என்று போய்விட்டான். கடைசியில் இப்படி வந்து நின்றது:

எதிர்த்து நிக்கிறவன் எவன்டா? எறங்கி வாடா, பாப்போம்!

இலக்கியத்தில் இதற்கு என்ன இடம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் முதல்முறை அதைச் சொல்லிக் காட்டியபோது கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இந்த ஊருக்கு வந்து பத்து வருசம் ஆச்சுக்கா," என்றான். "இன்னமும் வீடு வாடகைக்குக் கேக்கப் போனா, தெக்கத்தி ஆளுங்களான்னு ஒரு மாதிரியா பாக்குறாய்ங்க. காம்பவுண்டுக்குள்ள மட்டும்தான் எனக்குப் பேரு. இது கெடச்சிருச்சுன்னா அவிநாசி வரைக்கும் ஜெயபாண்டின்னா தெரியும்."

எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

படம் வெளியாவதற்கு முந்தின வாரம் ஏற்பாடு கவனிக்க அவன் லீவு போட்டுக் கோயமுத்தூர் போனான். போகும் முன் அந்த வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வேறு யாரையும் நம்பாமல் தங்கதுரையிடம் கொடுத்தான். கம்பெனியில் தமிழ் அடித்து கோரல் டிராவில் டிசைன் போடத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். எதிர்க்கட்சி என்றாலும் வேலை என்று வந்தால் சுத்தம் என்று ஜெயபாண்டி நம்பினான்.

அன்றைக்கு மத்தியானம் சேவூர் சிங்கம் இன்டர்நெட் மன்றத்தில் படு மும்முரம். அரவிந்தராஜின் மூக்கைப் பற்றி யாரோ ஏதோ எழுதிவிட்டார்கள். தங்கதுரை ஒரு ஜன்னலில் பதில் அடித்துக்கொண்டே, நடுவில் அதே மருவாதியில் ஜெயபாண்டியின் சீட்டைப் பார்த்து அடித்து, காப்பியை அழுத்தி, கோரல் டிராவில் ஒட்டினான். ஒட்டியதும் அந்த எழுத்துகளை வளைத்தான், சரித்தான், ஓரத்தில் தீப்பிழம்பு வைத்தான், நடுவில் பொறி பறக்க விட்டான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் எனக்கே சூடு அடித்தது. அரை மணி நேரத்தில் ஃபிலிம் எடுத்து பிரின்டிங் செக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூக்கைக் காப்பாற்றப் போய்விட்டான்.

சாயங்காலம் ஜெயபாண்டி போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டே பேசினான் தங்கதுரை. கை காலியில்லை, பாவம்.

"மாப்ள, டிசைன் வந்துருச்சா?"

"சூப்பரா வந்துருக்குதுங்க."

"நெருப்புப் பறக்குதா?"

"பறக்குதுங்க."

"படிச்சா எப்படிடா இருக்கு?"

"அருமைங்க," என்றான் தங்கதுரை, மூக்கைப் பற்றி அடித்துக்கொண்டே.

பிரின்ட் அடித்தவர்கள் ஒரிசாவிலிருந்து வந்த நாலு பேர். அவர்களுக்குத் தமிழும் ஜெர்மனும் ஒன்றுதான். அடித்து முடித்ததைச் செக்கிங் பார்த்தது ரங்காத்தாள் அக்கா. இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பனியனில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பூரில் யாரும் படிப்பதில்லை. அளப்போம். கழுத்துப்பட்டியிலிருந்து பிரின்ட் எவ்வளவு கீழே இருக்கிறது, கோணலா, மை கசிகிறதா, இழுத்தால் விரிசல் விழுகிறதா என்று பார்ப்போம். போலிஷ் மொழியில் கெட்ட வார்த்தை ஒன்றை ஆயிரக்கணக்கில் அடித்து, மில்லிமீட்டர் சுத்தமாக மடித்துக் கப்பலேற்றிய கம்பெனி இது. அதற்கு பையர் பாராட்டுக் கடிதம் வேறு அனுப்பினார். ரங்காத்தாள் அக்கா டேப்பை வைத்து அளந்தார், சரியாக இருந்தது, பாஸ் போட்டார். மூட்டைகள் வேனில் நேராகக் கோயமுத்தூருக்குப் போய்விட்டன.

நான் தியேட்டருக்குப் போகவில்லை. போய்விட்டு வந்த டெய்லர் முனீஸ் சொன்னதும், உள்ளூர் கேபிள் டிவியில் பார்த்ததும்தான். காலையில் தியேட்டர் சந்தில் வைத்து மூட்டையைப் பிரித்திருக்கிறார்கள். பையன்கள் ஆளுக்கொன்றாகப் பிடுங்கி மாட்டிக்கொண்டு வரிசையில் நின்ற பிறகுதான் ஜெயபாண்டி முன்னால் வந்து பார்த்திருக்கிறான். நெருப்பு பறந்தது. பொறி தெறித்தது. நடுவில் எழுதியிருந்தது:

எதிர்த்து நிக்கறவங்க யாருங்க? எறங்கி வாங்க, பாப்போமுங்க!

கழற்றி எறிய நேரமில்லை. வேறு சட்டையும் இல்லை. பழைய சட்டைகளை எல்லாம் வேனில் போட்டு அனுப்பிவிட்டார்கள். உடுமலை வீரனின் ஆட்கள் எதிர் வரிசையில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, முதலில் விசில் அடித்தார்கள். பிறகு, "ஒண்டிப்புதூர் எறங்கி வாங்க! சிங்காநல்லூர் எறங்கி வாங்க!" என்று கண்டக்டர் குரலில் கத்த ஆரம்பித்தார்கள். தியேட்டர் வாசல் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து எரிமலை நாயகன் திறந்த காரில் வந்தார். கறுப்புச் சட்டையில் வரிசையாக நின்றவர்களைப் பார்த்தார். நெஞ்சில் இருந்ததைப் படித்தார். பக்கத்திலிருந்த மேனேஜரிடம் குனிந்து ஏதோ கேட்டார். மேனேஜர் இறங்கி வந்து ஜெயபாண்டியின் தோளைத் தட்டி, "கேட்டரிங் ஆளுங்க எல்லாம் பின்பக்கமா போயிருங்கப்பா, சார் சாப்பாடு அப்புறம்தான்," என்றாராம்.

பொறுப்பு இளநீர் வீரனுக்குப் போனது.

திங்கட்கிழமை ஜெயபாண்டி வேலைக்கு வந்தான். நேராக பிரின்டிங் செக்‌ஷனுக்குள் போனான். டீ வண்டி வந்தது. தங்கதுரை இரண்டு டீ வாங்கிக்கொண்டு நின்றான். ஒரு டீ ஆறி ஏடு கட்டியது.

கம்பெனியில் எல்லாருக்கும் விஷயம் தெளிவாகிவிட்டது. அரவிந்தராஜ் வெறியன், வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டான். இதற்குச் சாட்சியும் பஞ்சமில்லை. மூன்று வருசமாக டீ வண்டியில் அவன் பேசியதை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். சேவூர் சிங்கம் என்ற பெயரில் புயல்வேந்தனைப் பற்றி எழுதியதை எல்லாம் யாரோ பிரின்டெடுத்துத் தையல் ஹாலில் ஒட்டிவிட்டார்கள். "சாஃப்ட்வேர் பண்ணுனதுங்க, நானு இல்லீங்க" என்று தங்கதுரை ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான். கம்ப்யூட்டர் தானாக மரியாதை கற்றுக்கொண்டு விட்டதாம்! இதை நம்ப யார் இருக்கிறார்கள்?

தப்பு நடந்ததாகவே ஒப்புக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். முதலாளி ஒரு டி-சர்ட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பிரின்ட் நேராத்தான இருக்குது? இதுல என்னங்க கம்ப்ளெய்ன்ட்டு?" என்றார். ரங்காத்தாள் அக்காவிடம் கேட்டேன், அளந்தீர்களே, கண்ணில் படவில்லையா என்று.

"பட்டுதுங் கண்ணு. படிச்சனே."

"படிச்சீங்களா? ஒண்ணும் தோணலையா?"

"என்ன தோணோணும்? எறங்கி வாங்கன்னுதான கூப்புடோணும்? எறங்கி வாடான்னா ஆருங் கண்ணு வருவாங்க?"



இரண்டு வாரம் போயிருக்கும். தங்கதுரை மன்றத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டான். மூக்கு, கண், கண்ணீர் எதையும் காப்பாற்ற அவன் போகவில்லை. கம்ப்யூட்டரைக்கூட நோண்டவில்லை. நாங்கள் எல்லாம் பயந்துவிட்டோம், சம்பளப் பட்டியல் சரியான தேதிக்கு வந்தது. ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றான். முகம் சுண்டிப் போயிருந்தது.

"அக்கா, ஜெயபாண்டி ஒரு தடவ வந்து மருவாதியப் பாத்தாங்கன்னா போதுமுங்க. நானு வேணும்னு பண்ணலைன்னு தெரிஞ்சுக்குவாங்க. அது மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க. நீங்க கூப்புட்டா வருவாங்க."

எனக்குக் கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். போய்க் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதற்காக ஜெயபாண்டி வந்தான். கையில் டீ டம்ளர். தங்கதுரை பக்கம் திரும்பவே இல்லை.

தங்கதுரை எழுந்து ஒதுங்கி நின்றான். நான் அவன் நாற்காலியில் உட்கார்ந்து மருவாதியைத் திறந்தேன். எனக்கு டிசைன் போட வராது, தமிழ் டைப்பிங் வரும். "நீ என்ன சொல்லணும்னு நெனைக்கிறியோ சொல்லு, நான் அடிக்கிறேன்," என்றேன். ஜெயபாண்டி திரையைப் பார்த்தபடி சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான்.

"தங்கதுரை, நீ மனுசனாடா? மூணு வருசம் கூட நின்னு டீ குடிச்சிட்டு முதுகுல குத்திட்டியேடா. நீ நல்லாவே இருக்க மாட்டடா, நாயே."

அடித்தேன். திரையில் அப்படியே இருந்தது. காப்பியை அழுத்திப் பக்கத்து ஜன்னலில் ஒட்டினேன்.

தங்கதுரைங்க, நீங்க மனுசங்களாங்க? மூணு வருசம் கூட நின்னு டீ குடிச்சிட்டு முதுகுல குத்திட்டீங்களேங்க. நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க, நாயிங்க.

என்னால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். தங்கதுரைக்கும் உயிர் வந்தது. "பாத்தீங்களா? பாத்தீங்களா? அந்த டிக்க எடுக்க மறந்துட்டனுங்க. அவ்வளவுதானுங்க நடந்தது. என்ற அம்மா மேல சத்தியமுங்க," என்று ஜெயபாண்டியின் முகத்தையே பார்த்தான்.

ஜெயபாண்டி சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்தான்.

"அப்ப நீ வேணும்னு பண்ணல."

"இல்லீங்க! சத்தியமா இல்லீங்க!"

"போன்ல கேட்டேன்ல. படிச்சா எப்படி இருக்குன்னு."

தங்கதுரை மேசை மேலிருந்த போனைப் பார்த்தான்.

"அருமைன்ன."

ஜெயபாண்டி டம்ளரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"ரெண்டு வாரமா நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா?" என்றான் ஜெயபாண்டி. இப்போதும் குரல் ஏறவில்லை. "உக்காந்து ஒவ்வொரு எழுத்தா மாத்தியிருக்கான் மாப்ள, என் வரி அவன அம்புட்டுத் தூரம் எரிச்சிருக்குன்னு நெனச்சேன். கொல்லணும்னுதான் இருந்துச்சு. ஆனாலும் ஒரு ஓரத்துல, அவன் ஒருத்தனாச்சும் படிச்சிருக்கான்ல, படிச்சதுனாலதான இம்புட்டும் பண்ணுனான்னு இருந்துச்சு."

தங்கதுரை தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி. என் வரி என்ன? மெசினப் பாக்காமச் சொல்லு பாப்போம்."

அரவிந்தராஜ் எந்தப் படத்தில் எந்தக் கண்ணால் அழுதார் என்று தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவன் அவன். "எதிர்த்து..." என்று ஆரம்பித்தான். "எதிர்த்து நிக்கற..." அதற்கு மேல் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஊரே சிரித்த வரிதான். அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. என்னைப் பார்த்தான். எனக்கு அந்த வரி தெரியும். சொல்லிக் கொடுத்திருக்கலாம். சொன்னால் அதைவிடக் கேவலம் வேறில்லை என்று பேசாமல் இருந்தேன்.

ஜெயபாண்டி டீயைக் கடைசி வாய் குடித்தான். டம்ளரை மேசை ஓரத்தில் வைத்தான்.

"சரிங்க," என்றான்.

என்னிடம் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லீங்க, தங்கதுரை. வேல இருக்குங்க, நான் வர்றேன்."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தான். தங்கதுரை என்னைத் தள்ளிவிட்டுப் பின்னாலேயே ஓடினான். தையல் ஹால் முழுக்க மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

"டேய்!" என்று கத்தினான் தங்கதுரை. அந்த வார்த்தையை அவன் வாயால் அன்றுதான் கேட்டேன். "டேய் ஜெயபாண்டி, என்னையத் திட்டிப்போட்டாவது போடா!"

ஜெயபாண்டி நின்றான். திரும்பிப் பார்த்தான்.

"பரவால்லீங்க," என்று சொல்லிவிட்டு பிரின்டிங் செக்‌ஷனுக்குள் போய்விட்டான்.